எம்.எல்.ஏ. ஆகணும் என்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு தொழில்

பள்ளத்தூர் ஆச்சிக்கு,

உங்கள் பிள்ளை பி.காம். கடைசி வருடம், கட்சிக் கூட்டம் என்று காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் அலைகிறான், கேட்டால் "எம்.எல்.ஏ. ஆவேன்" என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். ஆசையில் தப்பில்லை. அதை மட்டுமே நம்பி உட்கார்ந்துவிட்டால்தான் சிக்கல்.

சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவனுக்கு இப்போது 21. இடையில் மூன்று வருட எல்.எல்.பி. தாராளமாக முடிக்கலாம். காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது; கிடைக்காவிட்டால் மதுரை. அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்யாமல் தேர்தலில் நிற்க முடியாது. வக்கீலுக்கு அந்தத் தொல்லை இல்லை. எம்.எல்.ஏ. ஆன பிறகும் வழக்காடலாம் என்று 2018ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தோற்றால் மறுநாளே கோர்ட்டுக்குப் போகலாம்.

தோல்வியையும் பேசித்தான் ஆகவேண்டும். தமிழ்நாடு முழுக்க 234 இடம், நம் சிவகங்கை மாவட்டத்துக்கு நாலு. கலைஞர் 1957ல் குளித்தலையில் முதன்முதலாக ஜெயித்தபோது வயது 32; அதற்குள் சினிமா வசனத்தில் பேரும் வருமானமும் வந்துவிட்டது. எம்.எல்.ஏ. சம்பளத்தை 2017ல் மாதம் 55,000லிருந்து 1,05,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நல்ல தொகைதான், ஆனால் ஜெயித்தவருக்கு மட்டும். டெபாசிட் 10,000, பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அதுவும் போச்சு. வேட்பாளர் செலவுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 40 லட்சம். கணக்கில் வராத செலவு வேறு கதை. அவன் அப்பாவின் கடை முதலிலும், பங்காளிகளோடு பொதுவில் கிடக்கிற வீட்டுப் பங்கிலும் கைவைக்கக் கூடாது என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

அவனுக்கு இது ஒத்துவருமா என்று மேடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மைக் கிடைத்தால் எல்லாரும் பேசுவார்கள். உங்கள் தெருவில் முதியோர் உதவித்தொகை வராத ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார். அந்த மனுவை அவனையே எழுதச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தக நகல் எடுத்து, வி.ஏ.ஓ.வைப் பார்த்து, தாலுகா ஆபீசில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் வரை போகட்டும். அங்கே நகரவில்லையா, திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்து, ரசீதை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி விசாரிக்கட்டும். "நாளைக்கு வாங்க தம்பி" என்பதைப் பலமுறை கேட்டும் எரிச்சல்படாமல் காரியத்தை முடித்தால் பையனுக்குச் சரக்கு இருக்கிறது. எம்.எல்.ஏ. ஆபீஸ் வாசலில் தினமும் நடப்பது பெரும்பாலும் இதுதான். கவுன்சிலராக 21 வயது போதும். பழக அது நல்ல இடம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வழக்கு. வேட்புமனுவோடு கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் நிலுவையில் உள்ள கிரிமினல் வழக்குகளை எழுதியாக வேண்டும். இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை விழுந்தால் பதவி போகும். தண்டனைக் காலம் முடிந்தும் ஆறு வருடம் நிற்க முடியாது. அடிதடிக்கு இவனை முன்னால் தள்ளிவிடுகிற அண்ணன்மார் எந்தக் கட்சியிலும் இருப்பார்கள்.

பெண் கொடுக்க யோசிப்பார்களே என்று கேட்டிருந்தீர்கள். வக்கீல் என்று சொல்லுங்கள், கட்சி வேலையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பிடிக்காதவர்கள் ஜாதகம் வாங்கும் முன்பே ஒதுங்கிக்கொள்வார்கள்.