ஒரே சொல் ஓரிடத்தில் நவுன் (பெயர்ச்சொல்), இன்னோரிடத்தில் வெர்ப் (வினைச்சொல்) என்கிறார்களே, ஆங்கிலத்தில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு 'இது நவுனா, வெர்பா' என்று யோசித்தால் ஆங்கிலத்தில் பல நேரம் விடை கிடைக்காது. வாக்கியத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான்.

'ரவுண்ட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 'தி எர்த் இஸ் ரவுண்ட்': பூமி எப்படி இருக்கிறது என்கிறது, அட்ஜெக்டிவ் (பெயரை விவரிக்கும் சொல்). 'ஷி வோன் தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்': முதல் சுற்று, நவுன். 'தி பஸ் ரவுண்டட் தி கார்னர்': திரும்பியது, வெர்ப். 'ஹி டர்ன்ட் ரவுண்ட்': பின்பக்கமாகத் திரும்பினான், அட்வெர்ப் (வினையை விவரிக்கும் சொல்). 'வி சாட் ரவுண்ட் தி டேபிள்': மேசையைச் சுற்றி, ப்ரெபொசிஷன் (பெயருக்கு முன்னால் வரும் தொடர்புச் சொல்). ஒரே சொல், ஐந்து வேலை. கடைசி இரண்டையும் பாருங்கள்: பின்னால் 'தி டேபிள்' வந்ததும் வகை மாறிவிட்டது.

நமக்கு இது ஏன் குழப்புகிறது? தமிழில் உருபு வேலையைச் செய்துவிடும். 'நாய் பூனையைத் துரத்தியது' என்றாலும் 'பூனையை நாய் துரத்தியது' என்றாலும் துரத்தியது நாய்தான். ஆங்கிலத்தில் 'டாக்', 'கேட்' இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தும். பழைய ஆங்கிலத்திலும் நம் வேற்றுமை உருபுகள் போன்ற விகுதிகள் இருந்தன. 15ஆம் நூற்றாண்டுக்குள் அவற்றில் பெரும்பாலானவை உதிர்ந்துபோயின. அப்புறம் அந்தப் பொறுப்பைச் சொல் வரிசையும் சின்னச் சொற்களும் ஏற்றுக்கொண்டன.

அந்தச் சின்னச் சொற்கள்தான் அடையாளம் காட்டுபவை. 'தி பிலிக் வில் ஸ்னோம் மை ஃபிளாம்ப்' என்று எழுதுகிறேன். பிலிக், ஸ்னோம், ஃபிளாம்ப் மூன்றும் நானே இட்டுக்கட்டியவை, அர்த்தமே கிடையாது. ஆனாலும் 'தி' பக்கத்தில் இருப்பதால் பிலிக் நவுன், 'வில்' பின்னால் வருவதால் ஸ்னோம் வெர்ப், 'மை' பின்னால் வருவதால் ஃபிளாம்ப் நவுன் என்று சட்டென்று சொல்லிவிடலாம். 'தி', 'ஆஃப்', 'அண்ட்', 'வில்' கூட்டத்தில் புதிதாக யாரும் எளிதில் சேர முடியாது. நவுன், வெர்ப் பக்கம் கதவு திறந்தே கிடக்கிறது. நிறுவனப் பெயரான 'கூகுள்' வெர்பாகி, 2006இல் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது.

'சொற்கள் மொத்தம் எட்டு வகை' என்று பள்ளியில் உருப்போட்ட எண்ணிக்கையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்த கணக்கு. கிரேக்கப் பட்டியலில் ஆர்டிகிள் (ஆங்கிலத்தின் 'தி' போன்ற சொல்) இருந்தது. லத்தீனில் ஆர்டிகிளே கிடையாது என்பதால் அங்கே அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்‌ஷனை ('ஓ!' போன்ற உணர்ச்சிச் சொல்) சேர்த்து எட்டாக்கினார்கள். நம் இலக்கணத்துக்குப் பெயர், வினை, இடை, உரி என்று நான்கே போதுமாக இருந்தது.

'எல்ஒய்' என்று முடிந்தால் அட்வெர்ப் என்ற விதியையும் முழுசாக நம்பாதீர்கள். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் அட்ஜெக்டிவ். 'ஹி ரன்ஸ் ஃபாஸ்ட்' என்பதில் 'எல்ஒய்' இல்லாமலே 'ஃபாஸ்ட்' அட்வெர்ப்.

பேசும்போது காதும் உதவும். 'ரெக்கார்ட்', 'பிரசன்ட்' போன்ற சொற்கள் நவுனாக வந்தால் அழுத்தம் முதல் அசையில், வெர்பாக வந்தால் இரண்டாம் அசையில் விழும். ஒலி தரும் அகராதியில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.