இருமினால் சலம் கசிகிறதா? ஒப்பரேஷன் கடைசி வழி

கேள்வி: எனக்கு 47 வயது. மூன்றும் சுகப்பிரசவம். இருமினாலும் தும்மினாலும், கிணற்றில் தண்ணி அள்ளினாலும் சலம் கசிகிறது. கொழும்பு பஸ் ஏறுவதென்றால் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுகிறேன். ஒப்பரேஷன்தான் வழியா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: உடனே தேவையில்லை. முதலில் தண்ணீரை நிறுத்தாதீர்கள். தண்ணீர் குறைந்து சலம் செறிவானால் சலப்பை எரிச்சல்பட்டு, சலம் போகும் அவசரம் கூடும், மலச்சிக்கலும் வரும். முக்கி முக்கி மலம் கழிப்பது சலப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசையை இன்னும் தளர்த்தும்.

பிள்ளைப்பேற்றில் இழுபட்ட அந்தத் தசையும் சலக்குழாயைத் தாங்கும் இழையங்களும் வயிற்றின் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்காததால்தான் கசிகிறது. ஆகவே வைத்தியம் தசையிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றுப் பிரியாமல் அடக்கும்போது உள்ளுக்கும் மேலுக்குமாக இழுபடுகிறதே, அதுதான் அந்தத் தசை. முழங்காலை மடித்துப் படுத்து, வயிற்றில் ஒரு கையை வையுங்கள். தசையை இறுக்கி 5 விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். இப்படி 8 தரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பழகப் பழக 10 விநாடி வரை கூட்டலாம். ஒவ்வொரு வேளையும் முடிவில் சில தரம் வேகமாக இறுக்கி விடுங்கள். கைக்கடியில் வயிறு கல்லாகினாலோ, பிட்டம் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ பிழையான தசை வேலை செய்கிறது. கீழ்நோக்கி முக்குவது அதைவிட மோசம்; கசிவைக் கூட்டும். சலம் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பயிற்சி செய்யவும் கூடாது, சலப்பை முழுதாக வெறுமையாகாமல் போகும்.

இருமல் வரும்போதும் வாளியைத் தூக்கும்போதும் அதற்கு ஒரு கணம் முன்னரே இறுக்கிப் பிடியுங்கள். பலர் இரண்டு கிழமையில் கைவிட்டுவிட்டு, பலனில்லை என்கிறார்கள். குறைந்தது 3 மாதம் வேண்டும். சரியாகத்தான் இறுக்குகிறீர்களா என்று பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள்.

போகும்போது மூன்று நாள் எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை தரம் போனீர்கள், எப்போது கசிந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். சலப் பரிசோதனையில் கிருமித் தொற்றும் சீனியும் பார்ப்பார்கள். பிரஷருக்கு எனலாப்ரில் குடிப்பவர்களுக்கு வறட்டு இருமல் வந்து கசிவு கூடுவதுண்டு. வைத்தியரிடம் சொன்னால் குளிசையை மாற்றுவார், நீங்களாக நிறுத்த வேண்டாம். உடல் பருத்தவர்கள் நிறையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே கசிவு குறையும்.

டொல்ட்டெரோடின் போன்ற குளிசைகள் அவசரமாக முட்டிக்கொண்டு வருவதற்கானவை, உங்கள் பிரச்சினைக்கு அல்ல. துலொக்செட்டின் என்ற குளிசை ஓரளவு உதவும், ஆனால் குமட்டலால் பலர் விட்டுவிடுகிறார்கள். சலக்குழாயைத் தாங்க யோனிக்குள் வைக்கும் வளையமும் சிலருக்குப் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கசிந்தால் ஒப்பரேஷனைப் பேசலாம். பொதுவாக இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களுக்கே அது பொருந்தும். சலக்குழாயைத் தாங்க வைக்கும் செயற்கை வலை நாடா, அதே வேலைக்கு வயிற்றுச் சுவரிலிருந்து எடுக்கும் சொந்த இழைய நாடா, சலப்பையின் கழுத்தைத் தூக்கித் தைத்தல், சலக்குழாய்ச் சுவரைத் தடிக்கச் செய்யும் ஊசி என வகைகள் உண்டு. ஊசியின் பலன் நாளடைவில் குறையும். வலை நாடா சிலருக்கு யோனிச் சுவரை அரித்து வெளித்தெரிந்ததும், தீராத நோவு தந்ததும் உண்டு. பிரித்தானியா 2018இல் அதன் பாவனையை இடைநிறுத்தியது. எந்த வகை, பிறகு சலம் போகாமல் அடைத்தால் என்ன செய்வார்கள், வலையைத் திரும்ப எடுக்கலாமா என்று கேட்டபிறகே கையெழுத்து வையுங்கள்.

சலத்தில் இரத்தம், புதிதாகக் கால் விறைப்பு, சலம் அடைபடுதல் ஏதும் இருந்தால் பயிற்சியென்று காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.