ஆண்டின் மிக நீண்ட இரவை எப்படிக் கொண்டாடுவது?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் அறிவியலில் ஈடுபாடு அதிகம். டிசம்பரில் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளை, அதாவது ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் நாளை, குடும்பத்தோடு கொண்டாட விரும்புகிறோம். "விடுமுறையிலும் பாடமா?" என்று பதினொரு வயது மகள் சலித்துக்கொள்கிறாள். "கதையும் இல்லை, சடங்கும் இல்லை, இது என்ன பண்டிகை?" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மகளின் சலிப்பில் நியாயம் இருக்கிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதைப் பற்றிய விளக்கத்தோடு நாளைத் தொடங்கினால், அது வகுப்பாகத்தான் முடியும். விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவள் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுங்கள்.

வடக்கு அரைக்கோளத்தில் இந்நாள் டிசம்பர் 21 அல்லது 22இல் வரும். வெயில் படும் சமதளத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, நண்பகலுக்கு முன்னும் பின்னுமாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறித்துவரச் சொல்லுங்கள். அவற்றுள் மிகக் குறுகியதே அன்றைய உண்மையான நண்பகல் நிழல். அது கடிகாரம் 12 காட்டும் நேரத்தில் பெரும்பாலும் விழாது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும். பிறகு குச்சியையும் நிழலையும் ஒரே அளவுத்திட்டத்தில் காகிதத்தில் செங்கோண முக்கோணமாக வரைந்து, குச்சியின் உச்சியில் அமையும் கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து 23.4ஐக் கழித்தால் கிடைப்பது நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. வரைபடத்தைத் திறந்து ஒப்பிடும்போது ஒரு பாகை முன்பின்னாக இருந்தாலும் குறையில்லை. ஒரு குச்சியையும் அதன் நிழலையும் கொண்டு, பூமியில் தான் எங்கே இருக்கிறோம் என்று ஒரு சிறுமி சொல்லிவிட முடிவதைவிடக் கொண்டாடத் தகுந்தது வேறென்ன இருக்கிறது?

அன்று மேகம் மூடிவிட்டால் வருந்த வேண்டாம். இந்நாட்களில் சூரியனின் நண்பகல் உயரம் மிக மெதுவாகவே மாறுகிறது. ஒரு வாரம் முன்போ பின்போ அளந்தாலும் வேறுபாடு 0.2 பாகைக்கும் குறைவுதான்.

மாமியார் கேட்கும் கதையும் இதில் உண்டு. அயர்லாந்தின் நியூகிரேஞ்சில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட ஒரு கல்லறைமேட்டில், கதிர்த்திருப்பத்தை ஒட்டிய சில விடியல்களில் மட்டும், வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே சூரிய ஒளி நீண்ட நடைவழியைக் கடந்து உள்ளறையைத் தொடுகிறது. 1967இல் தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து அதை நேரில் கண்டார். எழுத்தறியாத மனிதர்கள் பல ஆண்டுகள் விடியலைக் கவனித்துத்தான் அதைக் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கவனிப்பை மாமியாரிடமே ஒப்படையுங்கள். கோடையில் சூரியன் எந்த மரத்துக்கோ கூரைக்கோ நேராக உதித்தது, இப்போது எவ்வளவு தெற்கே நகர்ந்திருக்கிறது என்பதை, ஒரே வீட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர்களே நன்றாக அறிந்திருப்பார்கள். பேத்திக்கு அதைக் காட்டும் உரிமை அவருடையது.

குளிருக்குக் காரணம் சூரியன் தொலைவில் இருப்பதுதானே என்று யாராவது கேட்பார்கள். உண்மையில் ஜனவரித் தொடக்கத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஜூலையில் இருப்பதைவிட ஏறக்குறைய 50 லட்சம் கிலோமீட்டர் நெருக்கமாக இருக்கிறது. அச்சின் சாய்வைப் பற்றிப் பேச அதுவே தகுந்த தருணம்.

முக்கோணம் வரைந்த காகிதத்தில் தேதியை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் மார்ச் 20ஐ ஒட்டி மீண்டும் அளந்தால், எதையும் கழிக்காமலே அட்சரேகை கிடைக்கும்.