மார்பகக் கட்டி: கத்தி வைக்கும் முன் கேட்க வேண்டியவை

புற்றுநோய் அறுவைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, தருமபுரியில் இருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்வது என் வேலை.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: அக்கா, தங்கைக்கு மார்பில் கட்டி. உள்ளூர் சர்ஜன், "நாளைக்கே எடுத்துவிடலாம், அரை மணி நேர வேலை" என்கிறார். சேலம், பெங்களூரு என்று அலைய வேண்டுமா?

அந்த அரை மணி நேரம்தான் எனக்குப் பயம். என்ன கட்டி என்றே தெரியாமல் எடுத்துவிட்டால், ஓரத்தில் நோய் மிச்சமிருந்து மறுபடியும் அறுக்க நேரலாம். முதல் தழும்பு தவறான இடத்தில் விழுந்தால் மார்பைக் காப்பாற்றும் அறுவைக்கே அது இடைஞ்சல். முதலில் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), ஸ்கேன். பிறகு ஊசியால் சதைத்துணுக்கு எடுத்து பயாப்சி. இதற்கெல்லாம் ஆகும் ஒன்றிரண்டு வாரத்தால் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சேலம் பஸ் ஏறுங்கள்.

ஊத்தங்கரை: ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று மாமியார் தடுக்கிறாரே?

பயாப்சியைத் தள்ளிப்போட அது காரணமே இல்லை. அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

காவேரிப்பட்டணம்: மார்பகப் புற்றுக்கென்றே தனிப்பிரிவு உள்ள மருத்துவமனை என்றால் பெரிய கட்டடம், பெரிய பில். வேறென்ன?

கட்டடத்தை விடுங்கள். சர்ஜன், கதிர்வீச்சு மருத்துவர், மருந்துச் சிகிச்சை தருபவர், ஸ்கேனையும் திசுவையும் படிப்பவர்கள் எல்லோரும் கத்தி எடுப்பதற்கு முன்பே ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் 1995இல் இந்த முறை வந்தது. 13,000க்கு மேற்பட்ட பெண்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், பக்கத்துப் பகுதிகளைவிட அங்கே மார்பகப் புற்று மரணம் 18 சதவீதம் குறைவு. அதற்கு முன்பு அதே கிளாஸ்கோதான் பின்தங்கியிருந்தது! ஐரோப்பிய வரையறைப்படி ஒரு பிரிவு ஆண்டுக்கு 150 புதிய நோயாளிகளையாவது பார்க்க வேண்டும். அந்த எண்ணை நம் ஊரில் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், ஐயா?" என்று கேட்கலாம். நல்ல மருத்துவர்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

ஓசூர்: முழு மார்பையும் எடுத்தால்தானே பத்திரம்?

எல்லோரும் நினைப்பது அதுதான். ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தவர்களை அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 20 ஆண்டுகள் கவனித்தார்கள். 2002இல் முடிவு வந்தது. முழுதாக எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறோமே, அதை வாரக்கணக்கில் தொடர வேண்டும். நடுவில் நிறுத்திவிடுகிற சூழ்நிலை என்றால், முழுதாக எடுப்பதே நல்லதாகவும் இருக்கலாம். பெங்களூரு போவதானால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று முன்பே விசாரியுங்கள்.

அரூர்: அம்மாவுக்கு அறுவைக்குப் பிறகு கை வீங்கியிருக்கிறது. தவறு நடந்துவிட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எல்லாம் எடுத்தால் சிலருக்கு வீங்கும். சாயம் செலுத்தி, நோய் முதலில் எட்டும் ஓரிரு கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையில் இது வெகுவாகக் குறைகிறது. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. இப்போதைக்கு அந்தக் கையில் ஊசி வேண்டாம், குடம் தூக்க வேண்டாம். சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.