பார்சலைத் திறக்குமுன் பாதியாக்குங்கள்

"கம்பஸ் பிள்ளைகள் சாப்பாட்டை வீணாக்காமலும் மாதக் கடைசியில் பட்டினி கிடக்காமலும் இருக்க என்ன வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் போடிங்கில், அதாவது வாடகை அறையில், இருந்துதான் கேட்கிறீர்கள் போல. வீட்டிலிருந்து போய் வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராது.

2022 இல் மட்டக்களப்புப் பக்கம் ஒரு போடிங்கில் ஐந்து பேர் ஓர் அறையில் இருந்தோம். அப்போது கம்பஸ் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மகாபொல உதவித்தொகை மாதம் 5000 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7500 என்றார்கள். 5000 ஐ முப்பதால் பிரித்தால் ஒரு நாளைக்கு 166 ரூபாய் சொச்சம், அந்த வருஷ விலைக்கு மூன்று வேளை அதில் எங்கே நடக்கிறது? அப்படியிருந்தும் நான் பாதிப் பார்சலைக் குப்பையில் போட்டிருக்கிறேன். கடைக்காரர் கட்டுவது வயலுக்குப் போகிறவர் சாப்பிடும் சோறு, எனக்கு அது அதிகம்.

பக்கத்துக் கட்டில்காரிக்கு மாதக் கடைசியானால் வயிற்று வலி வரும். "எனக்கு வேணாம்டி, நீ சாப்பிடு." ஒரு நாள் தலையணை உறையைத் தோய்க்க எடுத்தபோது பார்த்தேன், கிரீம் கிராக்கரை மூன்று மூன்றாகப் போட்டோகொப்பித் தாளில் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் திகதி எழுதி வைத்திருந்தாள்.

மிச்சத்தை நீட்டினால் அவள் வாங்கமாட்டாள். அதனால் பார்சலைத் திறக்குமுன்பே, "பாதி பாதி எடுப்பம், காசும் பாதி, பிறகு தா" என்றேன். வந்தாள். அப்புறம் கறியை வேறாகக் கட்டித் தரச் சொன்னோம். இரவுப் பார்சலில் குழம்பு படாத சோறு மிஞ்சினால் உடனே தண்ணீர் ஊற்றி வைப்போம், காலையில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இருந்தால் தயிர். குழம்பு கலந்த சோற்றை மத்தியானத்திலிருந்து இரவுவரை வெளியே வைத்துச் சூடாக்கிச் சாப்பிடாதீர்கள், அதில் ஊறும் ஒரு நஞ்சு சூட்டுக்கும் சாகாது.

வசதியான பிள்ளை புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று யாரும் கீழே எழுத வேண்டாம், என் அப்பா மேசன். பாதிப் பார்சலால் விலைவாசி இறங்காது என்பதும் தெரியும்.

உண்மையில் ரைஸ் குக்கரில் தினமும் சோறு வைக்க முடிந்திருந்தால் பார்சலே தேவைப்பட்டிருக்காது. வீட்டுக்கார மாமி விடவில்லை, கரண்ட் பில் கூடுமாம். வாடகையை மட்டும் ஐந்து பேரிடமும் தலைக்குத் தலை வாங்கினார். குக்கரை உடுப்புப் பேசினுக்குள் ஒளித்து வைத்து, அவர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சோறு வைத்தோம். போடிங்கை விட்டு வரும்போது அட்வான்ஸில் கரண்டுக்கென்று 2000 ரூபாய் கழித்துவிட்டுத்தான் தந்தார்.