பாஸா, ஃப்ளையா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். டெக்சஸ் ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம். சின்ன வயதில் ஊர்க்குளத்தில் தவளையைக் கோத்து விரால் பிடித்தவன்.

என் அலுவலகத்தில் தூண்டில் பைத்தியங்கள் இரண்டு பேர். ஒருவர் பாஸ் என்ற நன்னீர் மீனின் ஆள், படகு வைத்திருக்கிறார். மற்றவர் ஃப்ளை ஆள், இறகும் மயிரும் கட்டிய பொய்ப்பூச்சியை வீசிப் பிடிப்பவர். "அவர் மீன் பிடிக்கப் போவதில்லை, நூலை நனைத்துக் காயவைக்கப் போகிறார்" என்பார் படகுக்காரர். "அவர் படகுக் கடனுக்கு வட்டி கட்டத்தான் ஏரிக்குப் போகிறார்" என்பார் இவர். இரண்டு பேரும் என்னைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். மனைவி முந்நூறு டாலர் வரைக்கும் சரி என்றுவிட்டாள். எதை வாங்குவது?

இன்னொன்று. பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. அடுத்த மாதம் மாமனார் வருகிறார். பிடித்த மீனை ஏரியிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் மருமகனை அவர் என்ன நினைப்பார்?

ர., ஆஸ்டின்

அன்புள்ள ர.,

மாமனார் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுதான் சிக்கலானது.

தவளையைக் கோத்து விரால் பிடித்தவர் நீங்கள் என்பதைப் படித்ததும் பாதிக் கவலை விட்டது. பாஸ் மீனில் நீங்கள் பழக வேண்டியது அதிகமில்லை. அதில் பெருவாய் பாஸ் என்ற வகை இருக்கும் இடமும் விரால் இருக்கும் இடம்தான்: பாசி ஓரம், விழுந்து கிடக்கும் மரம், படகுத்துறையின் நிழல். துரத்தி ஓடி வேட்டையாடுவதைவிட ஒளிந்திருந்து பாய்வதுதான் அதற்குப் பிடிக்கும். அமெரிக்கக் கடைகளில் உள்ளீடற்ற ரப்பர் தவளை விற்கிறார்கள். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டியிருப்பதால் பாசியில் சிக்காது. அதைப் பாசிமேல் போட்டுத் தத்தித் தத்தி இழுத்து வந்தால் தண்ணீர் வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கு உடனே சுண்டினால் தவளை மட்டும் கரைக்கு வரும். கனம் கையில் தெரிந்த பிறகே சுண்ட வேண்டும். விரால் பிடித்த கைக்கு இது தெரியும். படகுக்காரருக்கு இதைப் பழக எத்தனை வருடம் ஆனது என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே முதலில் ஸ்பின்னிங் தூண்டில். ஆறரை அல்லது ஏழடி, மீடியம் விறைப்பு, 2500 அளவு ரீல் (நூல் சுற்றும் உருளை), 8 அல்லது 10 பவுண்டு தாங்கும் நூல். எல்லாம் சேர்ந்து நூறு டாலருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் காசு உங்களுக்குத்தான் தெரியும், மீனுக்குத் தெரியாது.

ரப்பர் புழுவைக் கோக்கும் முறை ஒன்றை மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தின் பெயரிலேயே டெக்சஸ் ரிக் என்பார்கள். கூம்பு வடிவ ஈயத்தை நூலில் ஏற்றிவிட்டு முள்ளைக் கட்டுங்கள். முள் முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளில் நூல் கட்டும் கண் பகுதி புழுவின் தலைக்குள் போகும் வரை இழுத்து, முள்ளைத் திருப்பி, முனையைப் புழுவின் உடம்பிலேயே குத்திப் புதைத்துவிடுங்கள். முனை வெளியே தெரியாததால் எந்தப் புதருக்குள்ளும் போட்டு எடுக்கலாம். தூக்கிப் பிடித்தால் புழு நேராகத் தொங்க வேண்டும். கோணலாக இருந்தால் இழுக்கும்போது சுழன்று நூலை முறுக்கிவிடும், அரை நாள் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

படகு வேண்டாம். ஊருக்கு நடுவில் இருக்கும் லேடி பேர்ட் ஏரியில் பெட்ரோல் படகே கூடாது. கரையைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. கோடையில் விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும் போனால் போதும், நடு மத்தியானத்தில் உங்களுக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது.

மிச்சமிருக்கும் இருநூறில் ஃப்ளை தூண்டில் வாங்குங்கள். ஆனால் உடனே வேண்டாம், இரண்டு மூன்று மாதம் போகட்டும். இது நிஜமாகவே கைக்குப் புதிது. நீங்கள் பழகிய தூண்டிலில் ஈயமோ இரையோ முன்னால் பறக்கும், நூல் பின்னால் போகும். இதில் இறகும் மயிரும் கட்டிய முள்ளுக்குக் கனமே கிடையாது. தடித்த நூலின் கனம்தான் அதைச் சுமந்து போகிறது. அதனால் நூலைப் பின்னால் வீசியதும் அது முதுகுக்குப் பின்னே முழுவதும் நீளும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னால் அடித்தால் சாட்டை சொடுக்கிய மாதிரி சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் முள் அறுந்து போயிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குப் போவதற்கு முன் புல்தரையில், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டைக் கட்டிப் பழகுங்கள். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒன்பதடி, 6 வெயிட் (நூலின் கனத்தைக் குறிக்கும் எண்), மிதக்கும் நூல். டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்கு ஆகும் 4 வெயிட்டை ஃப்ளை நண்பர் சிபாரிசு செய்தால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஏனென்றால் உங்கள் ஊரில் ஃப்ளைக்கென்றே அமைந்த மீன் டிரவுட் இல்லை, குவாடலூப் பாஸ். டெக்சஸின் மாநில மீன். மத்திய டெக்சஸின் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. சின்ன மீன்தான். ஆஸ்டினுக்குக் கீழே கொலராடோ ஆற்றில் 2014ல் பிடிபட்டு உலக சாதனையாகப் பதிவானதே 3.71 பவுண்டுதான். ஆனால் ஓடும் தண்ணீரில் பாறை இடுக்கில் நின்று பழகியதால் இழுவை பலமாக இருக்கும். லானோ ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே வீசலாம். கடித்ததும் டிரவுட்காரர்கள் போலத் தூண்டிலை மேலே தூக்காதீர்கள். தூண்டிலைத் தண்ணீரை நோக்கியே வைத்துக்கொண்டு இடது கையால் நூலை வெடுக்கென்று இழுங்கள். தப்பினாலும் ஃப்ளை மீனின் முன்னாலேயே கிடக்கும், அது திரும்பி வந்து எடுக்கும்.

இனி அந்த இரண்டு பேர் சண்டைக்கு. ஃப்ளை நண்பரின் பெட்டியைத் திறந்து பாருங்கள், க்ளவுசர் மின்னோ என்ற ஃப்ளை கட்டாயம் இருக்கும். இரண்டு உலோகக் கண்கள் வைத்து, முள் முனை மேல்நோக்கிப் போகும்படி கட்டியது, அதனால் பாறையில் அவ்வளவாகச் சிக்காது. கடல் மீன் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அதைப் போடுகிறார்கள். அதை 1980களில் பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா ஆற்றில் பாப் க்ளவுசர் கட்டியது எதற்கு? சிறுவாய் பாஸுக்கு.

அதே போலப் படகுக்காரரிடமும் கேளுங்கள், மீனைத் திரும்ப விடும் பழக்கம் உங்கள் கட்சிக்கு எங்கிருந்து வந்தது என்று. பாஸ் போட்டிகளைப் பெரிய தொழிலாக்கிய ரே ஸ்காட், கொலராடோ மாநிலத்தில் ஃப்ளை ஆட்கள் சின்ன டிரவுட்டைக்கூடக் கொண்டாடித் தண்ணீரில் விடுவதைப் பார்த்துவிட்டு வந்து, 1972ல் தன் போட்டிகளிலும் மீனை உயிரோடு விட வைத்தார். அதற்கு முன் போட்டி முடிந்தால் செத்த மீன் குவியல்தான். இதைச் சொன்ன பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உங்களைக் கிண்டல் செய்ய ஆரம்பிப்பார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

சரி, மாமனார். திரும்ப விடுவது எல்லாத் தண்ணீருக்கும் பொதுவான தர்மம் என்று நான் நினைக்கவில்லை. பெருவாய் பாஸில் உலக சாதனை ஜார்ஜ் பெர்ரி 1932ல் ஜார்ஜியாவில் பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டார். கஷ்ட காலம், யாரும் குறை சொல்ல முடியாது. அதைச் சமன் செய்த மீன் 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் கிடைத்தது. அங்கே பாஸ் வந்தேறி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்பதால் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதுதான் தடை. நம் விராலின் சீனத்துப் பங்காளி 2002ல் மேரிலாந்தில் ஒரு குளத்தில் தலைகாட்டியபோது, பிடித்தால் கொன்றுவிடு என்றார்கள். டெக்சஸில் உயிருள்ள விராலை வைத்திருப்பதே குற்றம், ஊர் ஞாபகத்தில் எங்காவது வாங்கி வளர்த்துவிடாதீர்கள்.

குவாடலூப் பாஸைச் சட்டப்படி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறுவாய் பாஸோடு கலந்து அதன் இனமே கரைந்துகொண்டிருந்தது, பல வருடங்களாகக் குஞ்சு வளர்த்து விட்டுத்தான் சில ஆறுகளில் மீட்டிருக்கிறார்கள். பெருவாய் பாஸும் வசந்தத்தில் முட்டையிடும் சமயத்தில் ஆண் மீன் கூட்டைக் காவல் காக்கும். அதைத் தூக்கிய மறு நிமிடம் சின்ன மீன்கள் முட்டையை மொய்த்துவிடும். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலைப் பிடிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் திட்டியிருப்பார்களே, அதே கதைதான். மற்ற நாட்களில் 14 அங்குலத்துக்கு மேற்பட்ட பெருவாய் பாஸை எடுக்கலாம், நாளொன்றுக்கு ஐந்து, சில ஏரிகளில் விதி வேறு. என் நாக்குக்கு அது குழம்பில் சப்பென்று இருக்கும், வறுத்தால் பரவாயில்லை.

மாமனாருக்கு நான் சொல்வது கெளுத்தி. ஊருக்குள் இருக்கும் பூங்காக் குளங்கள் பலவற்றில் சாப்பிடும் அளவுக் கெளுத்தியை டெக்சஸ் அரசே கொண்டுவந்து விடுகிறது, பிடித்து எடுத்துப் போகத்தான் விடுகிறார்கள். சாயங்காலம் ஈரல் துண்டைக் கோத்துக் குளத்தின் அடித்தரையில் கிடக்க விடுங்கள். அவர் கையிலும் ஒரு தூண்டிலைக் கொடுங்கள். புளியும் பூண்டும் வீட்டில் இருக்கிறதா என்று அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் கட்டாயம், விருந்தாளியாக வந்த மாமனாருக்கும் சேர்த்து. அவருக்கு ஒரு நாள் லைசென்ஸ் போதும். அதுவும் வேண்டாம் என்றால் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆஸ்டினிலேயே மெக்கின்னி ஃபால்ஸ் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் மட்டும் உண்டு.