அயர்லாந்து அரசியலும் அச்சிட்ட சிறுநூல்களும்: கேள்வி பதில்

பதினெட்டாம் நூற்றாண்டு அயர்லாந்தின் ஆட்சிமுறை, நாடாளுமன்றம், அன்றைய அரசியலை நடத்திய சிறுநூல்கள் ஆகியவை பற்றி அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அயர்லாந்துக்கு டப்ளினில் தனி நாடாளுமன்றம் இருந்தது என்று படித்தேன். இங்கிலாந்துதான் ஆண்டது என்றும் படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான், குழப்பத்தின் வேரே அதுதான். டப்ளினில் பிரபுக்கள் சபையும் 300 உறுப்பினர் கொண்ட மக்கள் சபையும் கூடின. ஆனால் 1494ஆம் ஆண்டின் பாய்னிங்ஸ் சட்டப்படி, அந்தச் சபைகள் தாமாக ஒரு சட்டத்தை இயற்றிவிட முடியாது. அவை வரைந்த முன்வடிவு முதலில் டப்ளின் பிரிவி கவுன்சிலுக்கும் (மன்னரின் ஆலோசனைக் குழு), பிறகு லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போகும். இரண்டு இடங்களிலும் அதைத் திருத்தலாம், கிடப்பிலும் போடலாம். திரும்பி வந்த மசோதாவை டப்ளின் சபைகள் முழுதாக ஏற்கலாம் அல்லது முழுதாக நிராகரிக்கலாம், ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. 1720இல் லண்டன் நாடாளுமன்றம் இன்னொரு சட்டத்தின் மூலம், அயர்லாந்துக்கும் தானே நேரடியாகச் சட்டம் இயற்றலாம் என்று அறிவித்ததோடு, அயர்லாந்துப் பிரபுக்கள் சபைக்கு இருந்த மேல்முறையீட்டு அதிகாரத்தையும் பறித்துக்கொண்டது. நிர்வாகமோ மன்னரின் பிரதிநிதியாகிய வைஸ்ராயின் கையில் இருந்தது. அவரும் லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர். 1767இல் வந்த டவுன்ஷெண்ட் பிரபுவுக்கு முன்னர் இருந்தவர்கள் பெரும்பாலும் நாடாளுமன்றம் கூடும் காலத்தில் மட்டுமே டப்ளினில் தங்கினார்கள்.

கேள்வி: இதில் சிறுநூல்களுக்கு என்ன வேலை? உறுப்பினர்கள் சபையில் பேசியிருக்கலாமே?

பதில்: சபை எப்போது கூடியது என்று பாருங்கள். நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது இரண்டாண்டுகளுக்கு ஒரு முறை, வரி விதிக்க வேண்டியிருந்ததால் கூடியது. பொதுத்தேர்தல் இன்னும் அரிது. மன்னர் இறந்தால்தான் சபை கலையும் என்ற நிலையில், இரண்டாம் ஜார்ஜின் ஆட்சி தொடங்கிய 1727இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை அவர் இறந்த 1760 வரை நீடித்தது. எட்டாண்டுக்கு ஒரு தேர்தல் என்ற சட்டம் 1768இல்தான் வந்தது. மேலும் அந்த 300 இடங்களில் 234 இடங்கள் சிற்றூர்த் தொகுதிகளுக்கு உரியவை. அவற்றில் பலவற்றின் உறுப்பினரை அந்த ஊரின் நிலப்பிரபுவே நியமித்தார் என்று சொல்வதில் மிகையில்லை. ஆகவே வாக்கின் வழியாகவோ சபையின் வழியாகவோ வெளிவர முடியாத கருத்து, அச்சுக்கூடத்தின் வழியாக வந்தது. ஒரு தாளை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். கைவிசை அச்சில் சில நாட்களில் முடிந்துவிடும். தெருவில் கூவி விற்பார்கள். காப்பிக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தால் எழுத்தறியாதவரும் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: இந்தச் சிறுநூல் மரபைத் தொடங்கியவர் அங்கத எழுத்தாளர் ஸ்விஃப்ட்தானா?

பதில்: இல்லை. டப்ளின் பல்கலைக்கழகத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் தத்துவவாதி ஜான் லாக்கின் நண்பருமான வில்லியம் மோலினோ 1698இலேயே, அயர்லாந்து வெல்லப்பட்ட குடியேற்றம் அல்ல, தனி அரசு, அதன் ஒப்புதல் இல்லாமல் இங்கிலாந்தின் சட்டங்கள் அதைக் கட்டுப்படுத்தா என்று வாதிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்து மக்கள் சபை அதைக் கண்டித்தது. அடுத்த ஆண்டே அயர்லாந்தின் கம்பளித் துணி ஏற்றுமதியை முடக்கும் சட்டமும் வந்தது. பின்னால் வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் அவருடைய வாதத்தை எடுத்தாண்டவர்களே.

கேள்வி: ஸ்விஃப்ட் எழுதிய துணிக்கடைக்காரர் கடிதங்கள் ஓர் அரசாணையையே திரும்பப் பெறவைத்தன என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

பதில்: இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் சில்லறைக் காசுக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. 1722இல் வில்லியம் வுட் என்ற ஆங்கில இரும்பு வியாபாரிக்கு, பதினான்கு ஆண்டுகளில் 360 டன் செம்பிலிருந்து அரைப்பென்னி, கால்பென்னிக் காசுகளை அடித்து அயர்லாந்தில் புழக்கத்தில் விடும் உரிமை வழங்கப்பட்டது. மதிப்பு 1,00,800 பவுண்டு. இந்த உரிமையை முதலில் பெற்றவர் மன்னரின் ஆசைநாயகியான கெண்டல் சீமாட்டி. வுட் அவரிடம் 10,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். டப்ளின் நாடாளுமன்றத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பவுண்டு எடைச் செம்பில் இங்கிலாந்தில் 23 பென்னிக்குக் காசு அடித்த காலத்தில், வுட் 30 பென்னிக்கு அடிக்கலாம் என்பது இன்னும் எரிச்சலூட்டியது.

டப்ளின் புனித பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஸ்விஃப்ட், 1724இல் எம். பி. (M. B.) என்ற கற்பனைத் துணிக்கடைக்காரரின் பெயரில் எழுதத் தொடங்கினார். முதல் கடிதம் கடைக்காரர், கைவினைஞர், குடியானவர், பொதுமக்கள் ஆகியோருக்கு எழுதப்பட்டது. அதில் தத்துவம் ஏதும் இல்லை. நிலப்பிரபு வாடகைப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோக எத்தனை குதிரைகள் வேண்டியிருக்கும், கடைக்காரர் சரக்கு வாங்க எத்தனை வண்டிக் காசு ஏற்றிப் போக வேண்டும் என்ற கணக்குத்தான். இந்தக் காசை வாங்க மறுக்கச் சட்டமே இடம் தருகிறது, ஆகவே யாரும் தொடாதீர்கள் என்பதே அதன் சாரம். அரசை எதிர்க்கச் சொல்லவில்லை, கிளர்ச்சி செய்யச் சொல்லவில்லை, காசை மறுக்கச் சொன்னார். என் கணிப்பில் அவருடைய திறமை முழுவதும் அந்த ஒன்றில் இருக்கிறது.

அக்டோபரில், புதிய வைஸ்ராய் கார்ட்ரெட் பிரபு டப்ளின் வந்து இறங்கிய அதே நாட்களில், அயர்லாந்து மக்கள் அனைவருக்கும் என்ற நான்காம் கடிதம் வெளிவந்தது. ஆளப்படுவோரின் ஒப்புதல் இல்லாத ஆட்சி அடிமைத்தனமே என்று அதில் எழுதியபோது அவர் காசை விட்டு மோலினோவின் வாதத்துக்கே வந்துவிட்டார். ஆசிரியரைக் காட்டிக்கொடுப்பவருக்கு 300 பவுண்டு வெகுமதி அறிவிக்கப்பட்டது. 1725 ஆகஸ்டில் அரசு உரிமத்தைத் திரும்பப் பெற்றது. வுடுக்கு எட்டாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 3,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அவர் நஷ்டப்பட்டவர் அல்லர்.

கேள்வி: காசு மட்டமானது என்று ஸ்விஃப்ட் சொன்னது உண்மையா?

பதில்: பெரும்பாலும் மிகை. லண்டன் நாணயச்சாலையின் தலைவராக இருந்த ஐசக் நியூட்டனின் மேற்பார்வையில் 1724இல் மாதிரிக் காசுகள் சோதிக்கப்பட்டு, உரிமத்தில் சொன்ன தரத்துக்கு ஏற்றவை என்ற அறிக்கை வந்தது. அந்த மாதிரிகளை வுட் தேர்ந்து கொடுத்திருப்பார் என்று ஸ்விஃப்ட் ஏளனம் செய்தார். வழக்கின் உயிர் உலோகத்தில் இல்லை, யாருடைய ஒப்புதலைக் கேட்டார்கள் என்பதில் இருந்தது.

கேள்வி: எழுதியவர் யார் என்று ஊருக்கே தெரிந்திருந்தும் அரசால் ஏன் அவரைத் தண்டிக்க முடியவில்லை?

பதில்: தெரிவது வேறு, நீதிமன்றத்தில் நிறுவுவது வேறு. சட்டத்தின் பிடியில் எளிதாகச் சிக்கியவர் அச்சகத்தார்தான். 1720இல், இங்கிலாந்துத் துணியை வாங்காமல் உள்நாட்டுத் துணியையே உடுத்துங்கள் என்று ஸ்விஃப்ட் எழுதிய சிறுநூலுக்காக எட்வர்டு வாட்டர்ஸ் என்ற அச்சகத்தார்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஜூரி குற்றமில்லை என்று சொல்ல, தலைமை நீதிபதி விட்ஷெட் அவர்களை ஒன்பது முறை திருப்பி அனுப்பி, களைத்துப்போகச் செய்து, முடிவை நீதிபதியிடமே விடும் தீர்ப்பொன்றைப் பெற்றார். பின்னர் வைஸ்ராயே வழக்கைக் கைவிடச் செய்தார். 1724இல் கடிதங்களை அச்சிட்ட ஜான் ஹார்டிங் கைதானபோது விட்ஷெட் மறுபடியும் முயன்றார். வழக்குக்கு இடமுண்டா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்ட மறுத்தது. அதைக் கலைத்துப் புதிதாக ஒன்றைக் கூட்டினார். புதிய ஜூரியோ வுடின் காசைத் திணிப்பவர்களையே குற்றவாளிகள் என்று எழுதிக்கொடுத்தது! சவுலின் தண்டனையிலிருந்து யோனத்தானை மக்கள் மீட்ட விவிலிய வசனம் அந்நாளில் டப்ளினில் கைக்குக் கை பரவியது. ஸ்விஃப்டின் முதற்பெயர் ஜோனத்தன் என்பதை அறிந்தால் காரணம் விளங்கும். ஆனால் ஹார்டிங் 1725இல் இறந்துபோனார். அவருடைய மனைவி சாரா தொழிலைத் தொடர்ந்தார். 1729இல், ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஸ்விஃப்ட் முன்மொழிந்த அந்தக் கொடூரமான அங்கதத்தை அச்சிட்டவர் அவரே.

கேள்வி: மக்கள் அனைவருக்கும் என்று எழுதினார் என்கிறீர்கள். அயர்லாந்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர் அல்லவா?

பதில்: மிகச் சரியான கேள்வி. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கத்தோலிக்கர். அவர்கள் நாடாளுமன்றத்தில் அமர முடியாது. 1728இல் வாக்குரிமையையும் இழந்தார்கள். நிலம் வாங்கவும் தடை இருந்தது. மோலினோவும் ஸ்விஃப்டும் அயர்லாந்தின் உரிமை என்று எழுதியபோது, அவர்கள் மனத்தில் இருந்தது பெரும்பாலும் அரசின் அதிகாரபூர்வத் திருச்சபையான அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் சமூகத்தின் உரிமையே. காசு விவகாரத்தில் எல்லோரும் ஒன்றாக நின்றது, காசு எல்லோர் பையிலும் இருந்ததால். கத்தோலிக்கர் தரப்பில் பெலனகேரைச் சேர்ந்த சார்லஸ் ஓ'கானர் போன்றோர் 1750களில் எழுதத் தொடங்கினார்கள். அவரும் ஒரு கட்டத்தில் நிதானமான ஒரு புராட்டஸ்டன்ட் எழுதுவது போன்ற பாவனையில்தான் வாதிட வேண்டியிருந்தது.

கேள்வி: ஸ்விஃப்டுக்குப் பிறகு சிறுநூல் இயக்கம் ஓய்ந்துவிட்டதா?

பதில்: இல்லை. 1740களின் இறுதியில் டப்ளின் மருந்துக்கடைக்காரர் சார்லஸ் லூகஸ், நகராட்சி மேல்மட்டத்தையும் நாடாளுமன்றத்தையும் தாக்கித் தொடர்ந்து எழுதினார். 1749இல் மக்கள் சபை அவரை நாட்டின் எதிரி என்று அறிவிக்க, வெளிநாடு தப்பினார். 1761இல் அதே சபைக்கு டப்ளின் உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1753இல் கருவூலத்தில் மிஞ்சிய பணத்தைச் செலவிட மன்னரின் முன்னொப்புதல் வேண்டுமா என்ற சண்டையில் நிதி மசோதா ஐந்து வாக்கில் தோற்றது, சிறுநூல்கள் குவிந்தன, சபாநாயகர் ஹென்றி பாயில் தேசபக்தர் என்று கொண்டாடப்பட்டார். 1756இல் அவர் ஆண்டுக்கு 2,000 பவுண்டு ஓய்வூதியமும் ஷானன் பிரபு என்ற பட்டமும் பெற்றுச் சமாதானமாகிவிட்டார். அவரைப் புகழ்ந்து எழுதியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 1782இல் சட்டமியற்றும் சுதந்திரம் கிடைத்ததே, அது எழுத்தின் வெற்றிதானே?

பதில்: முழுதும் அப்படிச் சொல்ல மாட்டேன். அச்சிட்ட எழுத்து அயர்லாந்தில் ஒன்றைத் தடுப்பதில் வல்லதாக இருந்தது, புதிதாக ஒன்றைப் பெறுவதில் தனித்து வென்றது குறைவு. 1720ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து அறுபதாண்டுகள் எழுதியும் அது அசையவில்லை. அமெரிக்கப் போரில் இங்கிலாந்துப் படைகள் சிக்கியிருந்தபோது, 1778 முதல் ஆயுதம் தாங்கிய தொண்டர் படைகள் எழுந்தன. 1779 நவம்பரில் அவர்கள் டப்ளின் காலேஜ் கிரீனில், கட்டுப்பாடற்ற வணிகம் கொடு, இல்லையேல் இது என்ற பொருள்பட அட்டை கட்டிய பீரங்கிகளோடு அணிவகுத்தார்கள். 1782 பிப்ரவரியில் தொண்டர் படையினரின் டங்கானன் மாநாடு, சபைக்குள் உறுப்பினர் ஹென்றி கிராட்டனின் பேச்சு, லண்டனில் ஆட்சி மாற்றம் ஆகிய எல்லாம் சேர்ந்தபோதுதான் அந்தச் சட்டம் நீங்கியது. வாதத்தை வகுத்துத் தந்தது சிறுநூல், அழுத்தம் தந்தது துப்பாக்கி. கத்தோலிக்கருக்கு அப்போதும் வாக்கு இல்லை.

கேள்வி: ஐக்கிய அயர்லாந்தியர் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான வுல்ஃப் டோனின் எழுத்து எந்த வகையில் மாறுபட்டது?

பதில்: 1791இல் அவர் கத்தோலிக்கருக்காக வாதிட்டு எழுதிய சிறுநூலில் 'வடக்கு விக்' என்று கையெழுத்திட்டார் (விக் என்பது அன்றைய ஓர் அரசியல் கட்சியின் பெயர்). அவர் புராட்டஸ்டன்ட், அவர் இணங்கவைக்க விரும்பியவர்கள் வடக்கின் பிரஸ்பிட்டேரியர்கள், அதாவது அயர்லாந்துத் திருச்சபையைச் சேராத இன்னொரு புராட்டஸ்டன்ட் பிரிவினர். கத்தோலிக்கரை ஒதுக்கிவைத்தால் நாடாளுமன்றச் சீர்திருத்தம் ஒருநாளும் கைகூடாது என்றார். அக்டோபரில் பெல்ஃபாஸ்ட்டில் ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் உருவானது. அவ்வியக்கத்தின் செய்தித்தாளான நார்தர்ன் ஸ்டார் 1792இல் தொடங்கியது. 1793இல் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை கிடைத்தது, சபையில் அமரும் உரிமை கிடைக்கவில்லை. 1797இல் மோனகன் படைவீரர்கள் அந்தப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தை அடித்து நொறுக்கினார்கள். ஜூரியை நம்பி வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: அரசுத் தரப்பும் சிறுநூல் எழுதியதா?

பதில்: எழுதியது, மிகக் கெட்டிக்காரத்தனமாக. ஐக்கிய அயர்லாந்தியரின் 1798 கிளர்ச்சிக்குப் பின் இரு நாடுகளையும் இணைக்கும் திட்டம் வந்தபோது, துணைச் செயலர் எட்வர்டு குக் பெயர் குறிப்பிடாமல் இணைப்பை ஆதரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாக நூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. 1799 ஜனவரியில் அரசு மக்கள் சபையில் தோற்றது, விந்தையாக மறுபடியும் ஐந்து வாக்கில். 1800 பிப்ரவரியில் 158க்கு 115 என்று வென்றது. இடையில் மனங்களை மாற்றியவை பட்டங்களும் பதவிகளும், ஒழிக்கப்படும் தொகுதியின் உரிமையாளருக்குத் தொகுதிக்கு 15,000 பவுண்டு என்ற இழப்பீடும்தான். சிறுநூல்களுக்கு அதில் பங்கு சிறிது.

கேள்வி: டப்ளின் அச்சகங்கள் பிறகு என்ன ஆயின?

பதில்: இங்கிலாந்தின் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்துக்குப் பொருந்தாததால், லண்டன் நூல்களை மலிவு விலையில் மறுபதிப்பிட்டே பல அச்சகங்கள் பிழைத்தன. இணைப்பு நடைமுறைக்கு வந்த 1801இலேயே பதிப்புரிமை அயர்லாந்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த வருமானம் அறுந்தது. பலர் அமெரிக்காவுக்குப் போனார்கள். அதற்கு முன்பே வழியைக் காட்டியவர் மேத்யூ கேரி. டப்ளினில் அவர் நடத்திய பத்திரிகை 1784ஆம் ஆண்டு அச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது. அதே ஆண்டு தப்பிச்சென்று பிலடெல்ஃபியாவில் குடியேறி, அங்கே பெரும் பதிப்பாளர்களுள் ஒருவரானார்.